மாப்பிள்ளை பழக்கிய எஞ்சின்

பையைக் கொஞ்சம் பாத்து நகத்துங்க தம்பி. மேல இருக்கறது இரும்பு, அதை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. அடியில முறுக்கு இருக்குது. எங்கூட்டுக்காரி நேத்துப் பூராம் அடுப்புக்கிட்ட உக்காந்து சுட்டது. அது நொறுங்கிப் போச்சுன்னா எனக்கு ஓசூர்லயும் பேச்சு விழும், திரும்பி ஊட்டுக்குப் போனா அங்கயும் பேச்சு விழும்.

நீங்களும் ஓசூருங்களா? நல்லதாப் போச்சு. கோயமுத்தூர்ல இருந்து சேலம் வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்த பையன் காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டுத் தூங்கியே வந்தான். வாயைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிப்போச்சு எனக்கு.

வாசம் அடிக்குதுங்களா? விளக்கெண்ணெய்ங்க. மூஞ்சியச் சுளிக்காதீங்க, குடிக்கக் கொண்டு போகல. இந்த எஞ்சின்ல இருந்து வர்றது. எத்தனை தரம் கழுவுனாலும் போக மாட்டேங்குது. இந்தாங்க, கையில வாங்கிப் பாருங்க. கடிக்காது.

ஏரோப்ளேன் எஞ்சினுங்க. சிரிக்காதீங்க தம்பி. நானும் மொதல்ல சிரிச்சவன்தான். நிசமாலுமே ஏரோப்ளேன்தான், ஆனா ஆளு ஏறிப்போறதில்ல. லேசான கட்டையில பண்ற குட்டி ப்ளேனு, கை ரெண்டையும் விரிச்சா அவ்வளவு அகலம் ரெக்கை. அதுல இதை வெச்சு முடுக்கி விட்டா, நாம ரெண்டு கம்பியப் புடிச்சுட்டு நடுவுல நிக்கணும், அது நம்மளச் சுத்திச் சுத்திப் பறக்கும். எங்க மாப்ள காலேஜ்ல என்.சி.சி.ல இருந்தப்ப பறக்க விட்டவரு. கப்பெல்லாம் வாங்கியிருக்காரு. அந்தக் கப்பை எங்கூட்டுக்காரி கழுவித் தொடைச்சு அரிசி அளக்கறதுக்கு வெச்சிருக்கா.

அவரைக் கூட்டியாரத்தான் போறேன். மாப்ளையையும் எங்க பொண்ணு சவிதாவையும். அம்மிணின்னுதான் நாங்க கூப்புடறது. சாயங்கால பஸ்ஸுக்கு மூணு பேரும் திரும்பிருவோம்.

என் பேரு மாரப்பனுங்க. கோயமுத்தூர் கணபதியில லேத் பட்டறை. அர்த்தநாரி லேத் ஒர்க்ஸ்னு கேட்டா டீக்கடைக்காரன்கூடக் கை காட்டுவான். அர்த்தநாரி எங்க மாமனாரு. அவரு போய்ச் சேந்து எத்தனையோ வருசமாச்சு, நான் போர்டை மாத்தல. மாத்தி என்னங்க ஆகப்போகுது, பெயிண்டுக்குத்தான் கேடு.

ஆமாங்க, எங்க மாப்ளயாட்டம் நானும் வீட்டோட மாப்பிள்ளையாப் போனவன்தான். எங்கூட்டுக்காரி ராமாத்தாளும் ஒத்தப் பொண்ணு. அதனாலதான் சொல்றேன், ஒரு வீட்டோட மாப்பிள்ளைய எப்படி வெச்சுக்கணும்னு என்னைய மாதிரி தெரிஞ்சவன் இந்த பஸ்ஸுல ஒருத்தன் இருக்க மாட்டான். எங்க மாமனாரு தங்கமான மனுசன். கல்யாணத்துக்கு வர்றப்ப நான் ஒரு மோட்டார் சைக்கிள் வெச்சிருந்தேன். செவப்புக் கலரு. அதுல வால்பாறைக்கெல்லாம் போயிருக்கேன், தனியா. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எந்திரிச்சு வந்து பாத்தா வண்டியக் காணோம். "வித்துப்போட்டேன் மாப்ள. மேல ஊடு, கீழ பட்டறை. படி எறங்கறதுக்கு எதுக்கு மோட்டார் சைக்கிளு?"ன்னாரு. அதும் நாயம்தானுங்களே? அந்தக் காசுல எனக்கு ஒரு சேரு வாங்கிப் போட்டாரு, சுத்தற சேரு. இன்னிக்கு வரைக்கும் அதுலதான் உக்காந்திருக்கேன். ஒரு நாளாவது நான் வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லியிருப்பனா? ராமாத்தாளையே கேளுங்க.

அப்படி இருந்தவனுங்க நான். எங்க மாப்ள, ஜெகதீசன்னு பேரு, தாராபுரத்துப் பக்கம். அப்பா இல்ல. அம்மா பெரிய மகன்கூட இருக்குது. படிச்ச புள்ள, மெக்கானிக்கல். அதிர்ந்து பேச மாட்டாரு. நாம எதைச் சொன்னாலும் "சரிங்க மாமா"தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் பொண்ணைக் குடுத்தேன்.

என்ன கொறை வெச்சேன்? மாடியில தனி ரூம்பு. பட்டறைக்குள்ள கண்ணாடி வெச்சு அவருக்குன்னு ஒரு ஆபீசு, ஏசி போட்டு. அதையும் எங்க வெச்சேன்? என் சேருக்கு நேர் எதிர்ல. அவரு நிமுந்தா நான், குனிஞ்சா பில்லு. மாடிப்படி எங்க ஊட்டுல பட்டறைக்குள்ள நொழைஞ்சுதான் ஏறணும். ஒருத்தரு வெளிய போனாலும் உள்ள வந்தாலும் என் கண்ணுல படாமப் போக முடியாது. அவ்வளவு வசதி. பொழுதோட கேட்டைப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்குவேன். மாமனாரு கட்டில்ல கெடந்தப்ப என் கையில குடுத்த சாவி அது. அன்னிக்கு நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

சரி, எஞ்சின் கதைக்கு வர்றேன்.

போன மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்கு நானும் அவரும் போயிருந்தோம். நான் ஒரு கியர் பொட்டிக்கு வெல பேசிட்டு இருக்கறேன். இவரு குப்பை மாதிரி கெடந்ததுக்குள்ள கைய உட்டு இதை எடுத்தாரு. கருகருன்னு, வெல்லப்பாகு ஊத்திக் காய வெச்ச மாதிரி. அசைக்கவே முடியல. கடைக்காரன் "அது செத்துப்போன சாமான் சார், வேணும்னா சும்மா எடுத்துட்டுப் போங்க"ன்னான். வண்டியில திரும்பி வர்றப்ப வழி நெடுக அதை மடியிலயே வெச்சிருந்தாரு, கோழிக்குஞ்சை வெச்சிருக்கற மாதிரி.

அந்தக் கருப்பு என்னன்னு கேட்டீங்கன்னா, பழைய விளக்கெண்ணெய்ங்க. இந்த எஞ்சினுக்கு பெட்ரோல் இல்ல. ஸ்பிரிட்டுல விளக்கெண்ணெயக் கலந்து ஊத்தறது. ஓட்டிட்டுக் கழுவாம வெச்சுட்டா எண்ணெய் உள்ளயே காஞ்சு கோந்தாகிப் பிஸ்டனைப் புடிச்சுக்கும். அதை எளக்கறதுக்கு எங்க மாப்ள என்ன பண்ணாரு தெரியுங்களா? ராமாத்தா கோயிலுக்குப் போன நேரம் பாத்து, லாரி ரேடியேட்டருக்கு ஊத்தற பச்சத் தண்ணி இருக்குதுங்களே, கூலன்ட்டு, அதை இட்லிக் குண்டான்ல ஊத்தி, எஞ்சினை உள்ள போட்டு, சின்னத் தீயில அடுப்புல ஏத்திட்டாரு.

அவ வந்து மூடியத் தொறந்தா! "ஐயோ, பச்சையாக் கொதிக்குதே! ஏனுங்க, இங்க வந்து பாருங்க, மாப்ள என்னத்தையோ வேக வெச்சிருக்காரு!"ன்னு கத்துன கத்துல கீழ லேத்தெல்லாம் நின்னு போச்சு. அது வெசமாமுங்க, அந்தத் தண்ணி. குண்டானைத் தூக்கித் தூரப் போட்டோம். மாப்ள பொழுதுக்குள்ள புதுக் குண்டான் ஒண்ணை வாங்கிட்டு வந்து வெச்சாரு, பழசை விடப் பெருசு. ராமாத்தா அதுக்கப்பறம் ஒண்ணும் சொல்லல. பெருசுங்கறதால.

ஆனா பாருங்க, எளகிருச்சு. வெளிய எடுத்துப் பிரஷ்ஷுல தேய்க்கத் தேய்க்கக் கருப்பு உரிஞ்சு அலுமினியம் பளபளன்னு வந்துச்சு. பிஸ்டன், அது ஏறி எறங்கற லைனர் குழாயி, கிராங்க்கு, எல்லாம் தனித்தனியாக் கழட்டி வெள்ளத் துணியில பரப்பி வெச்சிருந்தாரு. பேரிங் ரெண்டும் மாத்துனாரு. மேல சொருகற பிளக்கு புதுசு வாங்குனாரு. திரும்ப மாட்டி, முன்னால இருக்கற காத்தாடியக் கையில சுத்துனப்ப, பாதி வரைக்கும் லேசாப் போகுது, பிஸ்டன் மேல வந்ததும் 'கிர்'னு புடிக்குது. கொஞ்சம் அமுக்குனாத் தாண்டிருது. அந்த 'கிர்'ரை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க தம்பி. வில்லங்கமே அதுலதான்.

அப்பறம் பழக்க ஆரம்பிச்சாரு. புது எஞ்சினாட்டம், கழட்டி மாட்டுனதையும் எடுத்த எடுப்புல வேகமா ஓட்டக்கூடாதாம். எண்ணெயும் ஸ்பிரிட்டும் நெறைய விட்டு, மந்தமா, பொகை கக்கிட்டு ஓடணும். செத்த நேரம்தான். நிப்பாட்டி, கை வெச்சாச் சுடாத அளவுக்கு ஆற வெச்சு, மறுபடியும். ஞாயித்துக்கிழமை ஆனா மொட்டை மாடியில ஒரு பலகையில எஞ்சினைப் போல்ட்டுப் போட்டு முடுக்கிட்டு உக்காந்துக்குவாரு. வெயில்னும் பாக்க மாட்டாரு. மூஞ்சியெல்லாம் எண்ணெய். பக்கத்து ஊட்டுப் பூங்காவனம்மா துணி காயப் போட வந்து, "என்னங்க மாரப்பண்ணா, உங்க மாப்ள மாடியில ஏதோ மிக்ஸி ஓட்டறாரு, ஊரே விளக்கெண்ணெய் நாத்தம்"னு சண்டைக்கு வந்துச்சு.

நான் அவரு பக்கம்தான் நின்னேன். "ஓட்டட்டும் போம்மா, கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையே, ஊட்டுக்குள்ளதான இருக்காரு"ன்னு சொல்லித் தாட்டி விட்டேன்.

அது மட்டுமா? பலகை ஆடுதுன்னு ஒரு நாள் சொன்னாரு. சொன்னவரு எங்கிட்டச் சொல்லல, அம்மிணிகிட்டச் சொன்னாரு, என் காதுல விழுந்துச்சு. அடுத்த வாரமே வார்ப்பு இரும்புல ஒரு ஸ்டாண்டு பண்ணி, மொட்டை மாடித் தரையக் கொத்தி, காலை கான்கிரீட் போட்டு எறக்கிட்டேன். ஆனை வந்து முட்டுனாலும் அசையாது. மேல கூட்டிட்டுப் போய்க் காட்டுனா, அவரு நின்னு பாத்துட்டே இருக்காரு.

"எதுக்கு மாமா கான்கிரீட்டு? பறக்க விடறப்ப கழட்டணுமே"ங்கறாரு.

"எஞ்சினைத்தான மாப்ள கழட்டப் போறீங்க, ஸ்டாண்டு எங்க போகப்போகுது?"ன்னேன்.

"சரிங்க மாமா"ன்னாரு.

ரெக்கையும் பண்ண ஆரம்பிச்சுட்டாருங்க. கட்டில் அடியில வெச்சிருந்தாரு. எலும்புக்கூடாட்டம் குச்சிக் குச்சியா ஒட்டி, மேல வழவழன்னு ஒரு தாளு. அம்மிணி அதுக்குப் பக்கத்துல நடக்கறதுக்கே மூச்சைப் புடிச்சுட்டுத்தான் நடக்கும்.

அப்பத்தான் அந்த ஃபோன் வந்துச்சு. ஆல்பர்ட்னு ஒரு பையன், என்.சி.சி.ல ஒட்டுக்கா இருந்தவனாம். ஓசூர்ல வயலுக்கு மருந்தடிக்கற குட்டி ஹெலிகாப்டராட்டம் என்னமோ பண்ற கம்பெனி வெச்சிருக்கறான். நான் ஒட்டுக் கேக்கற ஆளில்லைங்க. மாடிப்படியில உக்காந்திருந்தேன், காத்து வரும்னு. மேல இருந்து பேச்சுச் சத்தம் எறங்கி வந்துச்சு, அவ்வளவுதான். "உங்கூட வேலைக்கு வர்றேன்டா. எஞ்சின் பழகட்டும். சூலூர்ப் பக்கம் ஒரு காலி எடம் இருக்குது, நீ வா, பறக்க விட்டுட்டு, எப்பச் சேர்றேன்னு அங்கயே சொல்றேன். சவிதாகிட்டப் பேசிட்டேன். மாமாகிட்டத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல." அப்பறம் சிரிச்சாரு. என்னத்துக்குச் சிரிச்சாருன்னு எனக்கு வெளங்கல.

நான் யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலைங்க. கேட்டு என்ன பண்றது? சின்னஞ்சிறுசுக ஏதோ பேசிக்குதுன்னு விட்டுட்டேன். அம்மிணி மட்டும் படியில என்னையப் பாத்துட்டு மேல போயிருச்சு.

அடுத்த சனிக்கிழமை திருப்பூர்ல ஒரு பார்ட்டிக்குச் சரக்குக் குடுக்க வேண்டியிருந்துச்சு. மாப்ளைய அனுப்புனேன். அவரு போனப்பறம் மாடிக்குப் போனேன். எஞ்சினு ஸ்டாண்டுல உக்காந்திருக்குது. சும்மா காத்தாடியச் சுத்திப் பாத்தேன். மேல வந்ததும் 'கிர்'ரு. அட, இத்தனை ஞாயித்துக்கிழமை ஓட்டியும் இது போகலையேன்னு தோணுச்சு. கழட்டிக் கீழ கொண்டு வந்தேன். லைனரை உருவி, உள்ளளவு பாக்கற போர் டயல் விட்டுப் பாத்தா, அடக் கெரகமே! கீழ ஒரு அளவு, மேல ஒரு அளவு. மேல போகப்போக ஒடுங்குது. எங்க பட்டறையில இப்படி ஒரு லைனர் பண்ணி அனுப்புனா, பார்ட்டி அதை நம்ம மூஞ்சியிலயே எறிஞ்சுட்டுப் போவான். பாவம், இந்தக் கோளாறு தெரியாம மனுசன் மாடியில கெடந்து வெயில்ல வதங்கறாரேன்னு நெனச்சேன். நல்ல மனசோடதாங்க நெனச்சேன்.

இரும்பைத் தேய்ச்சு வழவழப்பாக்கற லேப்பிங் பேஸ்ட்டு தடவி, பொறுமையா, நானே, பசங்க கையில குடுக்காம, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா நேராக்கிட்டேன். ஒரு பிசிறு இல்ல. மாட்டிக் காத்தாடியத் தட்டி விட்டேன் பாருங்க, ஊஞ்சலாட்டம் சொகமாச் சுத்துச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு. துடைச்சு, பழையபடி ஸ்டாண்டுல வெச்சுட்டு வந்து சாப்பிட்டேன். ரெண்டு இட்லி சேத்தி.

ஞாயித்துக்கிழமை மேல போனாரு. நானும் பின்னாலயே போனேன், அவரு சந்தோசப்படறதப் பாக்கலாம்னு. காத்தாடியில வெரலை வெச்சுத் தட்டுனாரு. தட்டுன வெரலு அப்படியே நின்னு போச்சு. இன்னொரு தரம் தட்டுனாரு. என்னையப் பாத்தாரு. பேட்டரிய மாட்டி, எண்ணெய் விட்டு, தட்டறாரு, தட்டறாரு, 'புஸ்'ஸுங்குது. இருமற கெழவனாட்டம் ஒரு பொகை, அவ்வளவுதான். வெரல்ல ரத்தம் வந்துருச்சு. நிறுத்தல. அப்பறம் கழட்டி லைனரை எடுத்து வானத்துக்கு நேராப் புடிச்சு உள்ள பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"நேர் பண்ணீங்களா மாமா?"

"பின்ன? அத்தனை கோணலா இருந்துச்சு!"

"அது மேல இறுக்கமாத்தான் இருக்கணும் மாமா. ஓடறப்ப மேல்பக்கம்தான் அதிகமாச் சுடும். சுட்டு விரியும். விரிஞ்சா அப்பத்தான் நேராகும். மொதல்லயே நேராக்கிட்டா, அமுக்கம் நிக்காது."

"எங்கயாச்சும் உண்டா மாப்ள அப்படி? முன்னாலயே சொல்லியிருக்கலாமுல்ல?"

"நீங்க கேக்கலையே."

கோவமாச் சொல்லல தம்பி. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். பில் நம்பரு சொல்ற மாதிரி சொன்னாரு. அந்தச் சாமானையெல்லாம் வெள்ளத் துணியில முடிஞ்சு அலமாரியில வெச்சுட்டு, கீழ வந்து, அன்னிக்கு லீவு நாளு, லீவு நாள்ல அந்தக் கண்ணாடி ரூம்புல போய் உக்காந்து பில்லு போட ஆரம்பிச்சுட்டாரு.

அப்பறம் கொஞ்ச நாள் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. ஞாயித்துக்கிழமையிலகூட வேலை பாத்தாரு. "சரிங்க மாமா, சரிங்க மாமா". எஞ்சின் சத்தம் இல்ல, பூங்காவனம்மா சண்டை இல்ல. ஆளு கொஞ்சம் எளைச்சாரு, அது வெயிலுக்கு. ராமாத்தாதான் சோத்தைப் போட்டுட்டு அவரையே பாத்துட்டு நிப்பா. "ஏனுங்க, மாப்ளயப் பாத்தா எனக்கு உங்களப் பாக்கற மாதிரியே இருக்குது"ம்பா. நல்ல விதமாத்தான் சொல்றாள்னு நெனச்சேன்.

ஒரு நாள் அம்மிணி என் சேருகிட்ட வந்து நின்னுச்சு. "வேணும்னே பண்ணுனீங்களாப்பா?"ன்னு கேட்டுச்சு. பெத்த அப்பனைப் பாத்துக் கேக்கற கேள்விங்களா அது? வேணும்னு பண்ணுவனா? ஒருத்தன் நல்லதுக்குப் பண்றதுக்கும் வேணும்னு பண்றதுக்கும் வித்தியாசம் இல்லீங்களா? நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்ல வேண்டாம், விடுங்க.

ஆடி மாசம் நான் அவிநாசிக்கு ஒரு எழவுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தேன். நான் பூட்டிட்டுப் போன கேட்டு பூட்டுனபடியே இருக்குது. சாவி என் இடுப்புல இருக்குது. உள்ள போய்ப் பாத்தா ரெண்டு பேரும் இல்ல. கட்டில் அடியில இருந்த ரெக்கையும் இல்ல. எஞ்சின் முடிச்சு மட்டும் அலமாரியில அப்படியே இருக்குது.

ராமாத்தா அரிசி பொடைச்சுட்டு இருக்கறா. நிமுந்துகூடப் பாக்கல. "ஓசூருக்குப் போயிட்டாங்க. நான்தான் தாட்டி விட்டேன்."

"பூட்டியிருந்துச்சே?"

"எங்கிட்ட ஒரு சாவி இருக்குதுங்க. அப்பா இருந்த காலத்துலயே ஒண்ணு பண்ணி வெச்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல இத்தனை வருசமா?"

"உங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். நீங்க எங்க போகப்போறீங்க?"

பாத்தீங்களா அவ பேச்சை! எனக்கு அன்னிக்குப் பூரா சோறு எறங்கல. அவங்க போனதுக்கா, அந்தச் சாவிக்கான்னு இன்னும் தெரியல.

சரி, போனது போச்சு. அவரு மேல எனக்குக் கோவமில்ல. அதான் இதைக் கையோட கொண்டு போறேன். போன வாரம் பூராம் உக்காந்து புது பிஸ்டன் ஒண்ணு கடைஞ்சேன், பழசை விட ஒரு மயிரிழை பெருசா. இப்பச் சுத்திப் பாருங்க. சுத்துங்க தம்பி. கொஞ்சம் பலமா. ம்ஹூம், வரலைங்களா? எனக்கும் வரல. மேலயும் இறுக்கம், நடுவுலயும் இறுக்கம், கீழயும் இறுக்கம். இறுக்கம் வேணும்னாருல்ல, வெச்சாச்சு. பழக்குனா எளகிரும். ஊட்டுக்கு வந்து, அந்த ஸ்டாண்டுல மாட்டி, எத்தனை ஞாயித்துக்கிழமை வேணும்னாலும் பழக்கட்டும். நானே பூங்காவனம்மாகிட்டப் பேசிக்கறேன்.

சூளகிரி வந்துருச்சுங்களா? அப்பக் கிட்டத்துல வந்துட்டோம். இருங்க, ஃபோன் அடிக்குது. அம்மிணிதான்.

சொல்லு கண்ணு. ஆமா, பஸ்ஸுலதான் இருக்கறேன், சூளகிரி தாண்டுது. சாப்பிட்டேன், தர்மபுரியில இட்லி சாப்பிட்டேன். மாப்ள பஸ் ஸ்டாண்டுக்கு வர்றாரா? எதுக்கு அவரைச் செரமப்படுத்தறே... ம். ம். எஞ்சினா? கொண்டு வந்திருக்கேன் கண்ணு, புது பிஸ்டன் போட்டு... என்னது? புதுசு வாங்கிட்டாரா? எப்போ? பறக்க விட்டாச்சா! நீ பாத்தியா? உன் கையிலயும் குடுத்தாரா? பயமா இல்லையா கண்ணு? ம். அப்படியா. ம். எதுக்கு அழுகறே இப்ப? நான் என்ன... சரி. சரி, அழுகாத. கேட்டுட்டேன். வெச்சிரு.

ஒண்ணுமில்ல தம்பி. புது எஞ்சின் வாங்கிட்டாராம். போன ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில பறந்துச்சாம். அம்மிணியே கம்பியப் புடிச்சுட்டு நின்னுச்சாம், தலை சுத்தி உழுந்துருச்சாம், சிரிச்சுட்டே சொல்லுது. சிரிச்சுட்டே வந்து திடீர்னு அழுகுது. அதைக் குடுங்க இப்படி, பைக்குள்ள போட்டுக்கறேன்.

ஆனா ஒண்ணு சொல்லுச்சு பாருங்க. "அப்பா, வாங்க, வந்து ரெண்டு நாள் இருங்க, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. ஊட்டுக்கு வாங்கன்னு மட்டும் அவரைக் கேட்டுறாதீங்க. நீங்க கேட்டா அவரு மறுக்க மாட்டாரு. வந்துருவாரு."

கேட்டீங்களா? கேட்டா வந்துருவாராம்! நான் சொன்னனுங்களா இல்லையா, தங்கமான மனுசன். அப்ப ஒரு வார்த்தைதான். பஸ்ஸை விட்டு எறங்கி, "வாங்க மாப்ள, போலாம்"னா முடிஞ்சுது. "சரிங்க மாமா"ம்பாரு. அடுத்த பஸ்ஸு.

முடிஞ்சுது.

என்னங்க தம்பி, அப்படிப் பாக்கறீங்க?

எனக்கும் அதுதான் புரியல. இதைச் சொல்றதுக்கு எதுக்கு அந்தப் புள்ள அழுகுது? மாட்டேன்னு சொல்லிருவாருன்னு சொன்னா அழுகலாம். வந்துருவாருன்னு சொல்லி யாராச்சும் அழுவாங்களா?

அந்த ஞாயித்துக்கிழமை கண்ணாடி ரூம்புக்குள்ள போய் உக்காந்தாரு பாருங்க. நான் எதிர் சேருல உக்காந்திருந்தேன். அவரு நிமுந்து என்னையப் பாத்தாரு. நானும் அவரைப் பாத்தேன். ரெண்டு பேருக்கும் நடுவுல கண்ணாடி. எனக்கு என்னமோ கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரியற மாதிரி... அது வெளிச்சம் விழுந்ததால இருக்கும்.

எங்க மாமனாரு என்னைய எதும் கேட்டதே இல்லைங்க. கேட்டிருந்தாலும் நான் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அந்த வார்த்தை வாயில வராது. எங்க மாப்ளைக்கும் வராது. எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருந்தேன். எனக்கு ஒரு கொறையும் இல்ல.

ஓசூர் வந்துருச்சுங்களா? பாலம் தெரியுது.

தம்பி, நீங்க எறங்கறவருதான? எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தாங்க, இந்த முறுக்குப் பொட்டலத்தப் புடிங்க. பாத்து, நொறுங்கிரும். எங்க மாப்ள நிப்பாரு, ஒல்லியா, உயரமா, கழுத்தைக் கொஞ்சம் முன்னால நீட்டிட்டு நிப்பாரு. ஜெகதீசன்னு கூப்புடுங்க. இதைக் குடுத்து, உங்க மாமா வரலை, பட்டறையில திடீர்னு வேலை வந்துருச்சு, சேலத்துல எறங்கித் திரும்பிட்டாருன்னு சொல்லிருங்க. ஃபோன்ல சூளகிரின்னு சொல்லிட்டனா? அட ஆமா. அப்பச் சூளகிரியில எறங்கிட்டாருன்னு சொல்லுங்க. என்ன வேணா சொல்லுங்க. நான் மனசு சங்கடப்பட்டதாச் சொல்லாதீங்க.

எறங்கிப் போய்ப் பாத்துட்டு, கேக்காம வந்துரலாமேன்னு பாக்கறீங்க. என்னால ஆகாதுங்க. என் வாயைப் பத்தி எனக்குத் தெரியும்.

கண்டக்டரு, ஏனுங் கண்டக்டரு! இந்த பஸ்ஸு பெங்களூரு வரைக்கும் போகுதுங்களா? அப்பப் பெங்களூருக்கு ஒண்ணு குடுங்க. ஓசூரு டிக்கெட்டுதான் எடுத்தேன், இல்லைங்கல. இப்பப் பெங்களூருக்குப் போறேன். அங்க யாரும் இல்லைங்க. சும்மாதான் போறேன். சும்மா போகக்கூடாதுங்களா?

அதா, அந்தப் பெட்டிக்கடைகிட்ட நிக்கறாரு பாருங்க தம்பி. சதை புடிச்சிருக்காரு. ஒவ்வொரு சன்னலாப் பாத்துட்டு வர்றாரு. நீங்க எறங்குங்க, சீக்கிரம் எறங்குங்க. நான் குனிஞ்சுக்கறேன். சன்னல்கிட்ட வந்து "வாங்க மாமா"ன்னு சொல்லிட்டாருன்னா நான் எறங்கிருவேன். எறங்குனேன்னா கேட்டுருவேன்.